சொல்லாம கொள்ளாம வண்டிய தூக்கிட்டு போனா என்ன செய்யலாம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நோ பார்க்கிங் அபராதம் 500 ரூபாய்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கடிதம், மெயில் எல்லாமே வண்டிய டோயிங் பண்ணி தூக்கிட்டு போறது பத்திதான், அதனால இந்த இதழ் முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன். ஊர் வேற வேற, ஆனா எல்லாருக்கும் கோவம் ஒண்ணுதான். என் வண்டிய என்கிட்ட கேக்காம எடுத்துட்டு போயிட்டு, அத திருப்பி வாங்க என்கிட்டயே காசும் வாங்கறாங்களே, இதுக்கு ஒரு கணக்கு வழக்கு இருக்கா இல்லையான்னு கேக்கறீங்க. இருக்கு. சட்டத்துலயே எழுதி வச்சிருக்கு, நம்ம ஆளுங்க யாரும் அத எடுத்துக் காட்டி கேக்கறதில்ல, அவ்வளவுதான்.

கேள்வி: தீபாவளிக்கு துணி எடுக்க வீட்டோட கடைவீதிக்கு போனோம் சார். வெளிய வந்து பார்த்தா பைக்க காணோம். இளநீர் கடைக்காரர்தான் டோயிங் வண்டி வந்து அள்ளிட்டு போச்சுன்னு சொன்னார். அடிச்சு பிடிச்சு அங்க போனா யூனிஃபார்ம் இல்லாத ரெண்டு பசங்க 1000 ரூபா குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டு போங்கன்னாங்க. ரசீது கேட்டேன், ரசீது வேணும்னா இன்னும் ஜாஸ்தி ஆகும், பரவாயில்லையான்னு கேக்கறாங்க. கூட குழந்தைங்க வேற, குடுத்துட்டு வந்துட்டேன். இதெல்லாம் சட்டப்படி சரியா?
ஒரு வாசகர், சென்னை

பதில்: ரசீது இல்லாம வாங்கினது சரியே இல்ல சார். இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மத்த எல்லா கேள்விக்கும் இதுதான் அடிப்படை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதுல 127வது பிரிவு. பொது இடத்துல ஒரு வண்டி 10 மணி நேரமோ அதுக்கு மேலயோ ஆளில்லாம கெடந்தாலும் சரி, பார்க்கிங் தடை பண்ணின இடத்துல நிறுத்தியிருந்தாலும் சரி, அத இழுத்துட்டு போகவோ சக்கரத்துக்கு பூட்டு போடவோ அனுமதி குடுக்கலாம்னு அந்த பிரிவு சொல்லுது. யாரு அனுமதி குடுக்கணும்? அந்த ஏரியாவுக்கு அதிகாரம் உள்ள, யூனிஃபார்ம்ல இருக்கற போலீஸ் அதிகாரி. யூனிஃபார்ம்லன்னு சட்டத்துலயே வார்த்தையா இருக்கு. கிரேன் ஓட்டறவரும் கொக்கி மாட்டற தம்பிங்களும் வெறும் வேலையாளுங்க, எந்த வண்டிய தூக்கறது எத விடறதுன்னு முடிவு பண்ற அதிகாரம் அவங்களுக்கு கிடையாது, காசு வாங்கற அதிகாரம் சுத்தமா கிடையாது. அதனால நீங்க முதல்ல கேக்க வேண்டிய கேள்வி எவ்வளவு குடுக்கணும்ங்கறது இல்ல, எந்த அதிகாரி சொல்லி தூக்கினீங்க, அவர் எங்கன்னு கேக்கணும். இந்த ஒரு கேள்வியிலயே பாதி பேரோட குரல் இறங்கிடும்.

பல பேர் அந்த 10 மணி நேரத்த பிடிச்சுக்கிட்டு, நான் அஞ்சு நிமிஷம்தான் நிறுத்தினேன், எப்படி தூக்கலாம்னு சண்டை போடறாங்க. அது எடுபடாது. 10 மணி நேரக் கணக்கு, நிறுத்தக்கூடிய இடத்துல கேட்பாரில்லாம கெடக்கற வண்டிக்கு. நோ பார்க்கிங்ல நிறுத்தினா அஞ்சு நிமிஷமும் ஒண்ணுதான் அஞ்சு மணி நேரமும் ஒண்ணுதான். போர்டே இல்ல சார்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், நடைபாதை மேல, பாதசாரி கடக்கற கோட்டு மேல, பஸ் ஸ்டாப் பக்கத்துல, ஆஸ்பத்திரி வாசல், பள்ளிக்கூட வாசல், அடுத்தவங்க வீட்டு கேட்டு முன்னாடி, தீயணைப்பு குழாய மறைச்சு, இங்கெல்லாம் போர்டு இருந்தாலும் இல்லாட்டியும் நிறுத்தக்கூடாதுன்னு 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள்ல இருக்கு. மத்த இடத்துல போர்டு இல்லன்னா உங்க பக்கம் நியாயம் இருக்கு, உடனே அந்த இடத்த ரெண்டு பக்கமும் போன்ல போட்டோ எடுத்து வச்சிடுங்க, நாளைக்கே அங்க புதுசா ஒரு போர்டு முளைக்கலாம்.

இப்போ காசு கணக்கு. நீங்க கட்டறது ரெண்டு தனித்தனி தொகை, இத கலந்து ஒரே தொகையா கேக்கும்போதுதான் ஏமாத்து நடக்குது. ஒண்ணு அபராதம். தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல வந்த அரசாணைக்கப்புறம் நோ பார்க்கிங்குக்கு முதல் தடவை 500, மறுபடி பண்ணினா 1500. போக்குவரத்துக்கு இடைஞ்சலா நிறுத்தினதுக்கு 201வது பிரிவு போட்டா அதுவும் 500 வரைக்கும்தான், முன்னாடி அது மணிக்கு 50 ரூபாயா இருந்துச்சு, 2019 திருத்தத்துல மாத்தினாங்க. ரெண்டாவது, வண்டிய இழுத்துட்டு போன செலவு. இத ஓனர்தான் குடுக்கணும்னு 127லயே இருக்கு, அபராதம் போக தனியா. ஆனா இவ்வளவுன்னு சட்டத்துல எழுதல, ஊருக்கு ஊர் வண்டிக்கு வண்டி தனியா நிர்ணயம் பண்றாங்க. அதனாலதான் சொல்றேன், ரேட்டு போட்ட உத்தரவ காட்டுங்கன்னு கேளுங்க. டோயிங் சார்ஜுக்கு ஒரு ரசீது, அபராதத்துக்கு ஒரு ஈ-சலான், ரெண்டும் கையில வரணும். ஈ-சலான்னா, அதாவது ஆன்லைன்ல பதிவாகற அபராதச் சீட்டுன்னா, உங்க வண்டி நம்பர போட்டு அரசாங்கத்தோட பரிவாகன் இணையதளத்துல பார்த்தா தெரியும். அங்க இல்லன்னா நீங்க குடுத்த காசு அரசாங்கத்துக்கு போச்சான்னே சந்தேகப்படணும்.

அபராதம் போட்டதே தப்புன்னு நீங்க நெனச்சா ஸ்பாட்ல கட்டியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, கோர்ட்ல பார்த்துக்கறேன்னு சொல்ற உரிமை இருக்கு. நீங்க ஏற்கனவே குடுத்துட்டீங்க, இப்பவும் விட வேண்டாம். தேதி, நேரம், இடம், அந்த டோயிங் வண்டி நம்பர் ஞாபகம் இருந்தா அதுவும், ஜி பேல குடுத்திருந்தா யார் பேருக்கு போச்சுங்கற ஸ்கிரீன்ஷாட், எல்லாத்தையும் வச்சு போக்குவரத்து துணை ஆணையருக்கு ஒரு பக்க புகார் எழுதுங்க, முதல்வரின் முகவரி 1100லயும் பதிவு பண்ணலாம். குழந்தைங்கள வச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கற குடும்பத்துக்கிட்ட ரசீது வேணும்னா ஜாஸ்திங்கறது அப்பட்டமான வழிப்பறி, அத அந்த வார்த்தையிலயே புகார்ல எழுதுங்க.

கேள்வி: வண்டி நிறுத்தின இடத்துல இல்லன்னா திருட்டு போச்சா, டோயிங் பண்ணிட்டாங்களான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? எங்க போய் நிக்கறது?
வாசகி, அம்பத்தூர்

பதில்: முதல்ல பக்கத்து கடையில கேளுங்கம்மா, அவங்களுக்கு தெரியாம எதுவும் நடக்காது. சில இடத்துல ரோட்டுலயே சாக்பீஸால ஸ்டேஷன் பேர எழுதிட்டு போவாங்க, தரைய ஒரு பார்வை பார்த்துடுங்க. ஒண்ணும் தெரியலன்னா 100 இல்லன்னா 112க்கு போன் போட்டு வண்டி நம்பர சொல்லி கேளுங்க, இந்த ஏரியாவுல தூக்கியிருந்தா கண்ட்ரோல் ரூம்ல விசாரிச்சு சொல்லுவாங்க, தூக்கலன்னு பதில் வந்தா அதே மூச்சுல திருட்டு புகாரும் பதிவு பண்ணிடுங்க, காலைல போலாம்னு தள்ளி போடாதீங்க, இன்ஷூரன்ஸ் க்ளைம்ல அந்த தாமதம்தான் உதைக்கும். வண்டிய எடுக்கப் போறப்போ ஆர்சி, லைசென்ஸ் ஒரிஜினல் கையில இல்லன்னாலும் டிஜிலாக்கர், எம்பரிவாகன்ல இருக்கறது செல்லும். ஆர்சி வீட்டுக்காரர் பேர்ல இருந்தா அவர் கையெழுத்து போட்ட ஒரு லெட்டரும் அவர் அடையாள அட்டை காப்பியும் கொண்டு போங்க, ரெண்டாவது அலைச்சல் மிச்சம்.

கேள்வி: மருந்து கடை வாசல்ல கார நிறுத்திட்டு கணவர் உள்ள போனார், நானும் கைக்குழந்தையும் காருக்குள்ளயே இருந்தோம். டோயிங் வண்டி வந்து கொக்கி மாட்ட ஆரம்பிச்சுட்டாங்க, நான் கத்தினப்புறம்தான் விட்டாங்க. ஆள் உள்ள இருக்கும்போது தூக்கலாமா?
வாசகி, வேளச்சேரி

பதில்: கூடவே கூடாதும்மா. 2017 நவம்பர்ல மும்பை மலாட்ல இதேதான் நடந்துச்சு, பின் சீட்டுல ஒரு அம்மா குழந்தைக்கு பால் குடுத்துட்டு இருக்காங்க, கார இழுத்துட்டு போறாங்க, அந்த வீடியோ நாடு முழுக்க ஓடி அந்த போலீஸ்காரர சஸ்பெண்ட் பண்ணாங்க. ஆள் உள்ள இருக்குன்னா வண்டிய எடுங்கன்னு சொல்லணும், எடுக்கலன்னா சலான் போடணும், அதோட முடிஞ்சுது. கொக்கியில தொங்கற கார் எப்ப எந்த பக்கம் சரியும்னு யாருக்கும் தெரியாது, அதுக்குள்ள ஒரு பச்சக் குழந்தைய வச்சு இழுக்கறத நெனச்சாலே வயிறு கலங்குது. அப்படி யாராவது ஆரம்பிச்சா கதவ திறந்துக்கிட்டு குதிச்சு இறங்காதீங்க, உள்ள இருந்தபடியே ஹாரன விடாம அடிங்க, வீடியோ எடுங்க, 112 போடுங்க. அதே சமயம் இதையும் சொல்லணும், ஆள் உள்ள இருந்தா நோ பார்க்கிங் சட்டம் பொருந்தாதுன்னு இல்ல, அபராதம் போட்டா அது செல்லும்.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல கெஸ்ட் பார்க்கிங்ல என் தங்கச்சி வீட்டுக்காரர் கார நிறுத்தினாருங்க. அசோசியேஷன் காரங்க சக்கரத்துக்கு பூட்டு போட்டுட்டு 2000 கட்டுங்கன்னு நின்னாங்க. செக்யூரிட்டிக்கு இந்த அதிகாரமெல்லாம் இருக்குதுங்களா?
வாசகர், கோவை

பதில்: இல்லைங்க. 127வது பிரிவு பேசறது பொது இடத்த பத்தி, பூட்டு போட அனுமதி குடுக்கறதும் போலீஸ் அதிகாரிதான். பொது இடம்னா பொதுமக்களுக்கு போக வர உரிமை உள்ள இடம்னு அதே சட்டத்துல 2(34)ல விளக்கம் இருக்கு, கேட்டு போட்ட குடியிருப்புக்குள்ள அந்த கணக்கு சாதாரணமா வராது. அசோசியேஷன் பைலாவுல, அதாவது சங்க விதியில, அபராதம்னு ஒண்ணு இருந்தா அது அதுல கையெழுத்து போட்ட உறுப்பினர கட்டுப்படுத்தும், நீங்க குடியிருக்கறவர்ங்கறதால உங்க மெயின்டனன்ஸ் பில்லுல சேர்த்து கேக்கலாம், நீங்க அத மீட்டிங்ல எதிர்க்கலாம். விருந்தாளி கார பூட்டி வச்சு காசு கறக்கறதுக்கு எந்த சட்டமும் துணைக்கு வராது.

அசோசியேஷன் செயலாளருங்க யாராவது இத படிச்சா கோவப்படாதீங்க, உங்க கஷ்டமும் புரியுது, யார் காருன்னே தெரியாம ஒரு வண்டி பத்து நாள் நின்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ஸ்டேஷன்ல எழுதி குடுங்க, வண்டி நம்பரோட. அது திருட்டு வண்டியா கூட இருக்கலாம், நீங்களா கிரேன் வச்சு வெளிய தள்ளினா நாளைக்கு கீறல் விழுந்ததுக்கும் காணாம போனதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். இங்கிலாந்துலயும் தனியார் இடத்துல சக்கர பூட்டு போட்டு மிரட்டி வாங்கறது பெரிய தொல்லையா போய், 2012 அக்டோபர்ல இருந்து சட்டம் போட்டு தடையே பண்ணிட்டாங்க.

கேள்வி: டோயிங்ல தூக்கிட்டு போய் என் ஸ்கூட்டர் ஹேண்டில் லாக்க ஒடச்சுட்டாங்க, சைடு பேனல் பூரா கீறல். கேட்டா நோ பார்க்கிங்ல நிறுத்தினது ஒன் தப்புங்கறாங்க. இதுக்கு இன்ஷூரன்ஸ் வருமா?
வாசகர், மதுரை

பதில்: நோ பார்க்கிங்ல நிறுத்தினதுக்கு தண்டனை அபராதமும் டோயிங் சார்ஜும்தான், வண்டிய ஒடைக்கறது அந்த தண்டனையில சேர்த்தி இல்ல. 1967லயே உச்ச நீதிமன்றம் குஜராத் அரசு சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல இத தெளிவா சொல்லியிருக்கு, அரசாங்கம் ஒருத்தர் வண்டிய எடுத்து வச்சிருந்தா அது ஒப்படைச்ச பொருள் மாதிரி, பத்திரமா பாத்துக்கணும், திருப்பி குடுக்கற கடமை இருக்குதுன்னு. அந்த வழக்குல அதிகாரிங்க எடுத்து வச்சிருந்த லாரிங்கள பாத்துக்காம விட்டுட்டாங்க, அரசு நஷ்டத்துக்கு பொறுப்புன்னு தீர்ப்பு வந்துச்சு.

நடைமுறையில என்னன்னா, சேதம் அங்க வச்சுதான் ஆச்சுன்னு காட்டணும். காசு கட்டி கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, வண்டிய அங்கிருந்து நகத்தறதுக்கு முன்னாடி, அவங்க யார்டு தெரியற மாதிரி வண்டிய சுத்தி வீடியோ எடுங்க, ரசீதுலயே ஹேண்டில் லாக் உடைஞ்சிருக்குன்னு எழுதி கையெழுத்து போடுங்க, எழுத விடலன்னா வெளிய வந்த அஞ்சாவது நிமிஷம் அதே வீடியோவ இணைச்சு மெயில் போட்டுடுங்க. வீட்டுக்கு வந்து மெக்கானிக் சொன்னப்புறம் புகார் குடுத்தா வர்ற வழியில விழுந்திருப்பீங்கன்னு சொல்லிடுவாங்க. கார் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஆட்டோமேட்டிக், நாலு சக்கரமும் இழுக்கற வண்டி, எலக்ட்ரிக் கார், இதெல்லாம் ரெண்டு சக்கரத்த தரையில உருட்டி இழுத்தா கியர்பாக்ஸோ மோட்டாரோ காலியாக வாய்ப்பு இருக்கு, வண்டிய தூக்கறத நேர்ல பார்த்தா முழு வண்டியையும் மேல ஏத்தற ஃப்ளாட்பெட் லாரியில ஏத்துங்கன்னு சொல்லுங்க.

இன்ஷூரன்ஸ் கேட்டீங்க. பாலிசியில டோயிங் செலவுன்னு போட்டிருக்கே, அது விபத்துல அடிபட்ட வண்டிய மெக்கானிக் ஷெட்டுக்கு கொண்டு போறதுக்கு, அதுவும் சாதாரண பாலிசியில டூவீலருக்கு 300, காருக்கு 1500 ரூபாய் வரைக்கும்தான். நோ பார்க்கிங் டோயிங் சார்ஜ் எந்த பாலிசியிலயும் வராது. ஒடைஞ்ச பாகத்துக்கு, நீங்க போட்டிருக்கறது வெறும் தேர்ட் பார்ட்டியா இருந்தா ஒண்ணும் கிடைக்காது, ஃபுல் கவர்னா க்ளைம் கேட்டு பாக்கலாம், ஆனா ஒரு பேனலுக்காக நோ க்ளைம் போனஸ விடறது லாபமான்னு கணக்கு போட்டுக்கங்க.

கேள்வி: பெங்களூர்ல வேலை பாக்கறேன். அங்க ஒரு காலத்துல டோயிங் கொடுமை தாங்க முடியாது, அப்புறம் நிறுத்திட்டாங்க. ஏன் நிறுத்தினாங்க? தனியார்கிட்ட குடுத்ததுதான் தப்பா?
வாசகர், ஓசூர்

பதில்: என்னோட கருத்துல தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது. அப்போ அங்க ஒரு பைக்க தூக்கினா 1000 அபராதம், 650 டோயிங் சார்ஜ், அந்த 650 கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனிக்கு. ஒரு வண்டிக்கு இவ்வளவுன்னு கூலி வச்சுட்டா தூக்கறவன் எத தேடுவான்? ஆம்புலன்ஸ மறிச்சு நிக்கற பெரிய வண்டிய எடுக்க நேரம் ஆகும், அந்த நேரத்துல ஓரமா ஒழுங்கா நிக்கற நாலஞ்சு பைக்க லாரியில அள்ளி போட்டுடலாம். போக்குவரத்த சரி பண்ண வந்த ஏற்பாடு, எண்ணிக்கைக்கு வண்டி பிடிக்கற வேலையா போச்சு. தூக்கறதுக்கு முன்னாடி மைக்ல வண்டி நம்பர சொல்லி கூப்பிடணும்னு விதி இருந்துச்சு, அதயும் யாரும் மதிக்கல. 2022 ஜனவரில ஒரு டெலிவரி பையன் தன் பைக்க தூக்கிட்டு போற வண்டி பின்னாடியே ஓடி கெஞ்சற வீடியோ வெளிய வந்துச்சு, அன்னிக்கு ஆர்டர் போச்சு, பைக் போச்சு, சம்பளம் போச்சு, அந்த பையன் ஓட்டத்துலயே எல்லாம் தெரியும். அடுத்து டோயிங் வண்டியில இருந்த போலீஸ் அதிகாரி ஒருத்தர் மாற்றுத்திறனாளி பெண்ண உதைக்கற வீடியோ. ஜனங்க கொதிச்சு போய், பிப்ரவரில கர்நாடக அரசே டோயிங்க நிறுத்தி வச்சுது.

டோயிங்கே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், சந்து முனையில நிறுத்தின ஒரு காரால தீயணைப்பு வண்டி உள்ள போக முடியலன்னா அந்த கார தூக்கத்தான் வேணும். கூலிய வண்டிக் கணக்குல குடுக்காம மாச வாடகையா குடுங்க, எந்த வண்டி இடைஞ்சலோ அத மட்டும் தூக்க சொல்லுங்க, தூக்கறதுக்கு முன்னாடி அது நின்ன இடத்த போட்டோ எடுத்து சலான்லயே ஏத்துங்க. இவ்வளவு செஞ்சா மனுஷங்க சண்டை போட மாட்டாங்க.

கேள்வி: ரெண்டு மாச டியூ கட்டல. பைனான்ஸ் காரங்க ராத்திரி வீட்டு வாசல்ல நின்ன ஆட்டோவ டோ பண்ணி கொண்டு போயிட்டாங்கண்ணா. அதுதான் எங்க சோறு. டோயிங் சார்ஜ், யார்டு வாடகைன்னு வேற கேக்கறாங்க.
வாசகி, சேலம்

பதில்: தங்கச்சி, இது போலீஸ் டோயிங் கணக்குல வராது, கடன் கணக்கு. டியூ பாக்கி இருந்தா வண்டிய எடுக்கற உரிமை ஒப்பந்தத்துல இருக்கும், அத மறைக்க முடியாது. ஆனா எடுக்கற விதம்னு ஒண்ணு இருக்கு. பைனான்ஸ் கம்பெனிங்களுக்கு ரிசர்வ் வங்கி போட்ட நெறிமுறையில, வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் நோட்டீஸ், எப்படி எடுக்கறது, விக்கறதுக்கு முன்னாடி கடன்காரருக்கு கடைசி வாய்ப்பு, கட்டினா வண்டிய எப்படி திருப்பி தர்றது, எல்லாம் ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கணும்னு இருக்கு. அடியாள வச்சு பிடுங்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2007லயே கண்டிப்பா சொல்லிடுச்சு. வசூல் ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 7 மணிக்கு மேலயும் போன் பண்ணவே கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கு. போனுக்கே இப்படின்னா ராத்திரில வந்து ஆட்டோவ இழுத்துட்டு போறது எப்படி சரியாகும்?

இன்னிக்கே ரெண்டு வேலை பண்ணும்மா. ஒண்ணு, கம்பெனிக்கு எழுத்துல கேளு, எந்த நோட்டீஸ் எந்த தேதியில அனுப்பினீங்க, டோயிங் சார்ஜும் யார்டு வாடகையும் ஒப்பந்தத்துல எந்த பக்கத்துல இருக்கு, பாக்கி மொத்தம் எவ்வளவு, ஆட்டோவ விக்கறதுக்கு முன்னாடி நான் கட்டி எடுத்துக்கறேன்னு அதுலயே எழுதிடு. ரெண்டு, உள்ளூர் ஸ்டேஷன்ல சம்பவத்த எழுதி குடுத்து, புகார வாங்கிக்கிட்டதுக்கு தர்ற சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்க, மிரட்டல், கை வைக்கறது ஏதாவது நடந்திருந்தா அதயும் சேர்த்து எழுது. கம்பெனி 30 நாள்ல சரியான பதில் குடுக்கலன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், காசு கிடையாது, வக்கீல் வேணாம், 14448ல தமிழ்லயே பேசி விவரம் கேட்டுக்கலாம். வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல போய் கேளு, கோர்ட் வளாகத்துலயே இருக்கும், பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசமாவே வச்சு குடுப்பாங்க.

கேள்வி: என் பையன் கலிபோர்னியால இருக்கான். ஃப்ரெண்டு அபார்ட்மெண்டுக்கு சாப்பிட போனவன் கார டோ பண்ணிட்டாங்களாம், நம்ம ஊர் காசுக்கு கேட்டா தலை சுத்துது. அங்க இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா?
ஒரு அம்மா, திருச்சி

பதில்: நல்ல கெட்டியான சட்டம் இருக்கும்மா, இந்த பகுதிய அப்படியே போட்டோ எடுத்து தம்பிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. தனியார் இடத்துல இருந்து ஓனர் சம்மதம் இல்லாம தூக்கறதுக்குன்னே கலிபோர்னியா வாகனச் சட்டத்துல 22658னு ஒரு நீளமான பிரிவு இருக்கு. நுழையற வழி எல்லாத்துலயும் 17க்கு 22 அங்குலத்துக்கு குறையாத போர்டு இருக்கணும், அதுல உள்ளூர் போலீஸ் நம்பரும் டோயிங் கம்பெனி பேரு நம்பரும் இருக்கணும். டோயிங் வண்டி தானா ரோந்து வந்து தூக்கக்கூடாது, இடத்து ஓனரோ அவர் ஏஜெண்டோ அந்த நேரத்துல கூட இருந்து இந்த காருன்னு எழுதி கையெழுத்து போடணும், தீயணைப்பு வழிய மறிச்சு நிக்கறது, வாசல அடைச்சு நிக்கறது மாதிரி சில விஷயத்துக்குத்தான் விலக்கு. அந்த கையெழுத்து காப்பிய தம்பி கேட்டு வாங்கலாம்.

முக்கியமானது ஒண்ணு. கார் அந்த வளாகத்த தாண்டி ரோட்டுக்கு போறதுக்குள்ள ஓனர் வந்து கேட்டுட்டா உடனே நிபந்தனை இல்லாம விட்டுடணும், விடலன்னா அது குற்றம். கொக்கி மாட்டிட்டோம்னு முழு காசு கேக்கக்கூடாது, வழக்கமான கட்டணத்துல பாதிக்கு மேல வாங்க முடியாது. சாதாரணமா 10 மைல் வட்டத்துக்குள்ளதான் வைக்கணும், க்ரெடிட் கார்டு வாங்கிக்கணும், காருக்குள்ள இருக்கற சொந்த சாமான வேலை நேரத்துல காசு வாங்காம எடுக்க விடணும், எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு பில் குடுக்கணும். அளவுக்கு மீறி வாங்கினா வாங்கின தொகைய போல நாலு மடங்கு திருப்பி தரணும், இத சின்ன வழக்கு கோர்ட்லயே கேக்கலாம், வக்கீல் கிடையாது, தனி ஆளுக்கு 12,500 டாலர் வரைக்கும் அங்க போகலாம். தம்பிய முதல்ல போய் அந்த நுழைவு வழி போர்ட போட்டோ எடுக்க சொல்லுங்க, போர்டு அளவு சின்னதா இருந்தாலோ ஒரு வழியில இல்லாம இருந்தாலோ வழக்குக்கு அதுவே நல்ல பலம்.

கேள்வி: ஹைவேல டயர் வெடிச்சு நின்னேன். ரோந்து வண்டி வந்து இடைஞ்சலா நிக்கறேன்னு ஃபைன் போட பாத்தாங்க. ரிப்பேராகி நிக்கறதுக்குமா?
வாசகர், விழுப்புரம்

பதில்: கிடையாது. எதிர்பாராம ரிப்பேராகி, நகத்தற ஏற்பாடு நடந்துட்டு இருக்கற வண்டிக்கு 201வது பிரிவு அபராதம் பொருந்தாதுன்னு 2019 திருத்தத்துல தனியா சேர்த்திருக்காங்க, 201(3)னு சொல்லுங்க. ஏற்பாடு நடக்குதுன்னு காட்டணும்ல, அதுக்கு நின்ன உடனே 1033க்கு போன் பண்ணிடுங்க, தேசிய நெடுஞ்சாலை உதவி நம்பர், கிரேன் வரும், அந்த கால் ரெக்கார்டே உங்களுக்கு சாட்சி. ஹசார்டு லைட்டு போட்டு முக்கோண போர்ட நல்லா பின்னாடி தள்ளி வச்சுட்டு எல்லாரும் தடுப்புக்கு அந்தாண்ட போய் நில்லுங்க, காருக்குள்ளயே உக்காந்திருக்காதீங்க.

கேள்வி: விபத்துல சிக்கின எங்க வேன ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு போய் மாசக் கணக்கா வெயில்லயும் மழையிலயும் நிக்குது. கேக்கறப்பல்லாம் கேஸ் முடியட்டும்ங்கறாங்க. வண்டி மண்ணாயிடும் போல இருக்கு.
வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லைங்க. விபத்து வண்டிய சோதனைக்கு எடுத்துட்டு போனா எங்க வச்சிருக்காங்கன்னு ஓனருக்கு சொல்லணும், அந்த வேலை முடிஞ்சதும் 24 மணி நேரத்துல திருப்பி தரணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 136வது பிரிவு சொல்லுது. குற்ற வழக்குல சொத்தா காட்டியிருந்தா மாஜிஸ்திரேட் கோர்ட் மூலமா எடுக்கணும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல முன்னாடி சிஆர்பிசி 451, 457னு சொல்லுவாங்க, அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல இப்போ பிஎன்எஸ்எஸ் 497, 503. வண்டிங்கள ஸ்டேஷன்ல துருப்பிடிக்க விடறதால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, போட்டோ எடுத்து, பஞ்சநாமா (சாட்சிங்க முன்னாடி எழுதற விவரக் குறிப்பு) எழுதிக்கிட்டு, பாண்டு (உறுதிப் பத்திரம்) வாங்கிக்கிட்டு ஓனர்கிட்ட குடுத்துடுங்க, 15 நாள்ல இருந்து ஒரு மாசத்துக்கு மேல வச்சிருக்க வேண்டாம்னு 2002ல சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அந்த தீர்ப்பு பேர குறிப்பிட்டு இடைக்கால ஒப்படைப்பு மனு போடுங்க. ஆர்சி, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், எஃப்ஐஆர் காப்பி கொண்டு போங்க, பாண்டுக்கு ஜாமீன்தாரர் கேட்டா அவர் ஆதாரும் வேணும். எடுக்கப் போறப்போ புது பேட்டரி ஒண்ணும் டயருக்கு காத்தடிக்கற பம்பும் கையோட கொண்டு போங்க, அத்தனை மாசம் நின்ன வண்டி சாவி போட்டதும் கிளம்பாது.